கசெற்றின் மறுபக்கம்

எமிலியானா பாட்டுக்காரியான கதையை யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு திக்கென்கிறது. அந்தக் கூத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான்.

அவளின் தகப்பன் பவுல் அண்ணை இத்தாலியில், பலேர்மோவில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். தாய் சூசையம்மாவும் நானும் தவக்கால ஒப்பாரிக்கு மாறி மாறி முன்பாடுவோம். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முன்பாடுகிறவளுக்கு அழுகையில் தொண்டை அடைத்தால், பக்கத்தில் நிற்பவள் அடி அறுந்துபோகாமல் உடனே பிடிக்க வேண்டும். ஊரில் எனக்கு அடைத்தபோது ஏழு வயது எமிலியானா பிடித்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட பிள்ளை வுச்சீரியாச் சந்தைப் பக்கத்து இத்தாலியப் பெடியன்களோடு ரெகே பாடப் போனாள்! பகலில் என்னோடு ஒரு இத்தாலியச் சின்யோரா வீட்டில் நிலம் துடைப்பாள், பின்னேரம் பாட்டு. பவுல் அண்ணை வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். சூசையம்மா தன்பாட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறில் சல்வோ என்ற இசைத்தட்டுக்காரன் அவளின் கசெற்றைக் கேட்டுப்பார்க்க வாங்கினான். பிடித்தால் கோடை முழுக்கக் கச்சேரி. துடைப்பத்தைத் தொடவே தேவையில்லை. மூன்றாம் நாள் பெட்டை என்னிடம் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"றோஸ்மேரி அன்ரி, என்ரை பாட்டு வேண்டாமாம். மறுபக்கத்திலை பாடுற மனுசிதான் வேணுமாம்."

"மறுபக்கத்திலை ஆரடி?"

"அம்மா!"

பிறகுதான் விளங்கிற்று. மன்னாரில் இருக்கும் தங்கச்சிக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குரல் பதிந்து அனுப்புவது சூசையம்மாவின் பழக்கம். வெறும் பக்கத்தை வீணாக்க மனமில்லாமல், மகளின் கசெற்றிலேயே இங்கத்தைப் புதினங்களோடு ஒரு ஒப்பாரியையும் பதிந்து வைத்திருக்கிறார். மகள் அது தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

விசயத்தைச் சொன்னதும் சூசையம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"எத்தினை மணிக்கு வரவேணுமாம்?"

எமிலியானா அழுதுவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரம்! பெற்ற தாயே பிள்ளையின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுவாரா?

சனிக்கிழமை மூன்று பேரும் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்த சல்வோவின் பதிவறைக்குப் போனோம். பெடியன்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். சூசையம்மா மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு பாடினார். எங்கள் ஒப்பாரி அந்தத் தாளத்தில் அப்படிப் போய் உட்காரும் என்று யார் கண்டது? மூன்றாவது அடியில் சூசையம்மாவுக்குத் தொண்டை அடைத்தது.

அடி அறுந்து விழமுன் எமிலியானா பிடித்தாள். யோசித்துப் பிடித்ததல்ல, பழக்கம். தாயின் குரலேதான், ஆனால் கோபம் ஏறிய குரல். பெடியன்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. சல்வோ பிளந்த வாய் மூடாமல் கதிரையை விட்டு எழும்பி நின்றான். பாட்டு முடியும்வரை சூசையம்மா திரும்பப் பாடவேயில்லை.

அந்தக் கோடைக் கச்சேரிகளோடு எமிலியானா துடைப்பத்தை விட்டாள். இன்றுவரை பாட்டுத்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. "அண்டைக்கு அம்மாவுக்குத் தொண்டை அடைச்சது என்ரை அதிட்டம்" என்று எல்லோரிடமும் சொல்லுவாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு இருப்பேன்.

பதினைந்து தவக்காலம் சூசையம்மாவின் பக்கத்தில் நின்றவள் நான். பெரிய வெள்ளியில்கூட அந்த மனுசிக்கு ஒருநாளும் தொண்டை அடைத்ததில்லை.