அஷ்டமுடிக் காயலில் சிட்டு குதித்த நாள்

அதிகாலை நாலரைக்குக் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பினோம். காரில் நானும் என் மனைவி லட்சுமியும், பின்சீட்டில் எங்கள் கன்னி இன வேட்டை நாய் சிட்டுவும். எனக்கு எட்டயபுரம் ரோட்டில் பம்ப்செட் கடை. ஆவணிக் காற்றில் வியாபாரம் மந்தம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் இருந்துவிட்டு வரலாம் என்று நான்தான் ஆசைப்பட்டேன். "நாயை உங்க அண்ணன் வீட்ல விட்டுட்டு வருவோம்" என்றாள் லட்சுமி. நான் கேட்கவில்லை.

கழுகுமலை, சங்கரன்கோவில், தென்காசி. செங்கோட்டை தாண்டியதும் மலை. ஆரியங்காவில் பாலில்லாத கட்டன் சாயா. புனலூர் வழியாகக் கொல்லம் போய்ச் சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அரசுப் படகில் நாயை ஏற்ற மாட்டார்கள். மேற்கூரை போட்ட சின்ன மோட்டார் படகு ஒன்றை மாலை வரை நாலாயிரம் ரூபாய்க்குப் பேசினேன். ஓட்டுபவர் பெயர் சசி. தூத்துக்குடியில் சில வருடம் மீன் லாரி ஓட்டியவர், தமிழ் நன்றாகவே வந்தது.

"எங்கேர்ந்து வர்றீங்க சாரே?"

"கோவில்பட்டி."

அவர் சிட்டுவைப் பார்த்துச் சிரித்தார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "பட்டியிலேர்ந்து பட்டியோட வந்திருக்கு."

காயல் விரிந்துகொண்டே போனது. எங்கள் ஊரில் கண்மாய் நிறைந்தால் கடையை அடைத்துவிட்டுப் பார்க்கப் போவோம். இங்கே வீட்டு வாசலில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிறார்கள். மன்றோ தீவின் வாய்க்கால்களில் தென்னை மட்டைகள் தலையில் உரசின. சிட்டு படகின் நடுவில் நின்று நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் மோந்தது. நானோ சசியிடம் பெருமை அளந்துகொண்டிருந்தேன். "நாங்க கிணத்துலயே கெடந்து வளந்தவங்க. அறுபதடி ஆழத்துல குதிப்போம்." குதித்தது உண்மை. மிதப்பதற்காக முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டியிருந்ததைச் சொல்லவில்லை.

மதியம் ஒரு கரையில் கரிமீனும் சோறும். சாப்பாட்டுக்காகக் கழற்றிய மிதவைச் சட்டைகளை நாங்கள் மறுபடி போடவில்லை. திறந்த காயலுக்கு வந்ததும், சிட்டுவை முன்முனையில் நிற்கவைத்துப் படம் எடுக்க நினைத்தேன். சங்கிலி படத்தில் அசிங்கமாகத் தெரிந்தது.

"சங்கிலிய அவுக்க வேண்டாம் சாரே. இங்க ஆழம் உண்டு."

"அது எம் பேச்சைத் தாண்டாது" என்று அவிழ்த்தேன்.

அடுத்த நிமிடம் வாத்துக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. முயலை விரட்டிப் பழகிய இனம். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சிட்டு தண்ணீரில் இருந்தது. நீந்தத்தான் செய்தது. ஆனால் மீன்வலை கட்டியிருந்த கம்புகளுக்கு நடுவில் போய், கழுத்துப்பட்டை கயிற்றில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கத் தலை உள்ளே போனது. சசி எஞ்சினை அணைத்து, துடுப்பை எடுத்துப் படகைத் திருப்பப் பார்த்தார்.

நான் படகின் கூரைக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். மிதவைச் சட்டை என் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுக்கக்கூட உடம்பு வரவில்லை.

லட்சுமி துப்பட்டாவை உருவி எறிந்துவிட்டுக் குதித்தாள். நேராகப் போய், ஒரு கையால் கம்பைப் பிடித்து, மறு கையால் பட்டையைக் கழற்றினாள். நாயைத் தோளோடு அணைத்துக்கொண்டு வந்து, "பிடிங்க" என்றாள். அப்போதுதான் என் கை அசைந்தது.

சசி அவளுக்குத் துண்டு கொடுத்தார்.  அதன்பிறகு அவர் வழியில் வந்த ஊர்ப் பெயர்களையும் அவளுக்குத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

கரையேறுமுன் அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே, என்ன செய்யுதீங்க?"

"சிட்டு தண்ணியில குதிச்சுட்டு. வலையில வேற மாட்டிக்கிச்சு. நல்லவேளை, உள்ள குதிச்சுத் தூக்கியாச்சு."

தூக்கியாச்சு. யார் தூக்கியது என்று சொல்லாமலே தப்பிக்க ஒரு சொல் கிடைத்துவிட்டது.

"நீதான் கிணத்துலயே கெடந்தவமுல்லா" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். லட்சுமி கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பினோம். ஈர நாயின் வாடை கார் முழுக்க இருந்தது. தென்காசியில் டீசல் போட நிறுத்தியபோது அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, குதிச்சது நான் இல்ல. லட்சுமி. நான் நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அவளுக்கு நீச்சல் தெரியுமாலே? எங்க படிச்சா?"

எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். போனைக் கையில் வைத்துக்கொண்டே, பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில், அவளிடம் கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"எங்கப்பா தோட்டத்துக் கிணத்துலதான்" என்றாள். "எட்டு வயசுல. மோட்டார் ரூம் மேல ஏறிக் குதிப்போம், நானும் எங்க அக்காவும்."

வண்டியை எடுத்தேன். அவள் மெல்ல மெல்ல மற்றதையும் சொன்னாள். கழுகுமலை தாண்டியும் பேசிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே பேசாமல் ஓட்டினேன்.