பாதி ஷேவில் எழும்பிப் போனவன்

புதன்கிழமை காலை ஒன்பது மணியாகியும் மணியண்ணன் முடிவெட்டுக் கடை திறக்கவில்லை. செவ்வாய்தான் விடுமுறை; புதன் எட்டு மணிக்கே ஷட்டர் ஏறிவிடும். என் மாவு மில் நேர் எதிரே இருப்பதால் எனக்கு இது தெரியும். இரண்டு பேர் தாடியைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றார்கள். நான் அவருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் எடுத்ததுமே வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன மணியண்ணா, செத்தா போனீரு? ஆளுவ கடைவாசல்ல தவம் கெடக்குதானுவ."

எடுத்தது அவர் மனைவி. "ஆமா தம்பி, விடியப்பம் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குன்னு எழும்பினாரு. நான் குடிக்க வெள்ளம் எடுத்திட்டு வாறதுக்குள்ள..."

என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஐம்பத்தாறு வயதில், சாவுச் செய்தியைக் கேலியாகக் கேட்டு வாங்கியவன் இந்த அமரவிளையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "இல்லக்கா, நான் சும்மா..." என்று என்னவோ உளறினேன். "தெரியும் தம்பி. அவருட்ட நீங்க என்னைக்கு ஒழுங்காட்டு பேசியிருக்கிய?" என்றார் அந்த அம்மாள்.

வாசகசாலைக்காரர்கள் நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று முறை எழுதிய அனுபவம்தான் எழுத்தில் எனக்கு உண்டு. படிக்கப்போகிற நீங்கள் எல்லோரும் அவர் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தவர்கள். குறை இருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள்.

அந்தக் கடையின் ஒரே பெஞ்சில் கோர்ட்டு குமாஸ்தாவும், கட்டட வேலைக்கு வந்த வங்காளிகளும், திருப்புறத்திலிருந்து வருகிற கல்யாண மாப்பிள்ளையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்ப் பேப்பர் ஒன்று, மலையாளப் பேப்பர் ஒன்று. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் மூன்று கட்சி ஆட்களும் அங்கேதான். மணியண்ணன் ஒரே சட்டம் வைத்திருந்தார்: "கத்தி தொண்டையில இரிக்கும்போ கட்சி பேசப்பிடாது. சிரிச்சாலும் அறும், கோவப்பட்டாலும் அறும்." நம் ஊரில் மூன்று கட்சியும் ஒருசேரக் கீழ்ப்படிந்த சட்டம் அது ஒன்றுதான்.

ஒருமுறை ஒரு பெரிய வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்து முடிவெட்டிவிட்டுப் போகும்படி ஆள் அனுப்பினார். நான் அப்போது நாற்காலியில் இருந்தேன். மணியண்ணன் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: "கெடையில கெடக்கியவருன்னா இப்பமே வாறேன். நடக்க முடியியவருன்னா வரச்சொல்லு. எங்கப்பன் வீடுவீடாட்டு பின்வாசல் வழி போனாரு. நான் ரோட்டுக்கு முன்னால நாற்காலி போட்டவனாக்கும். இங்க வாறவன்தான் தலையைக் குனியணும்." அவர் வந்தார், குனிந்தார். அடுத்த மாதமும் வந்தார்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மறைத்தால் மணியண்ணனைப் பற்றி எழுதியதாகாது.

என் மகன் சஜின் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். போன ஓணத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." சாப்பிடுவான், அறைக் கதவைச் சாத்துவான். வெளியே போவது ஒரே இடத்துக்கு, அதுவும் நாலு நாளைக்கு ஒருமுறை: மணியண்ணன் கடை. "மாசத்துல எட்டு மட்டம் வெட்டுகதுக்கு ஒனக்குத் தலையில என்ன நெல்லா விளையுது?" என்று நான் கேட்டேன். அப்பன் என்கிற முறையில் நான் நடத்திய விசாரணை அவ்வளவுதான்.

பிறகு மணியண்ணனிடமே போனேன். "பயலு ஒம்மகிட்ட என்னமும் பறயுதானா?"

அவர் என் பின்கழுத்தில் ஒட்டியிருந்த மில் மாவைத் தட்டிவிட்டார். "ஒனக்கு நரை எது, மாவு எதுன்னு எனக்கே தெரியல்ல" என்றார். அப்படியே தன் மஸ்கட் கதையை எடுத்தார். பதினோரு வருடம் அங்கே முடிவெட்டியவர். பட்டாணியன், வங்காளி, மலையாளி, திருநெல்வேலிக்காரன் எல்லோரும் வருவார்களாம். "வெள்ளி லீவாக்கும். வியாழக்கிழமை சாயந்திரம் ஆனா, வெட்ட முடியே இல்லாதவனும் வந்து இரிப்பான். தலையைத் தொட ஒரு ஆளு வேணும், அதுக்கு. நான் சும்மா கத்தரியை டிக்கு டிக்குன்னு ஆட்டுவேன். கண்ணை மூடிக்கிட்டு இரிப்பான். பிறகு பேசுவான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முடியில்லாதவனுக்கு முடிவெட்டிய கதை என்று மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என் கேள்விக்கான பதிலைத்தான் அவர் சொன்னார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் முறை கேட்டபோது நேரடியாகவே சொல்லிவிட்டார். "ஒருத்தன் சொன்னதை நான் இன்னொருத்தன் காதுல கொண்டு இட்டா, அது வேற சொல்லாயிரும். அவன்கிட்ட நீ கேளு." பிறகு, "ஞாயிறு பத்து மணிக்கு ஷேவுக்கு வா" என்றார்.

போனேன். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் சஜின் இருந்தான், முகமெல்லாம் நுரையோடு. என்னையும் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைக் கட்டி நுரை பூசினார். பெஞ்சு காலி. "ரெண்டுபேரும் இரிங்க, நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று போய்விட்டார்.

கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வெள்ளைத் தாடி. அவன் என் அண்ணன் மாதிரி இருந்தான். அவன் வாய் திறப்பது தெரிந்தது. "அப்பா" என்றான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பயந்துவிட்டேன். "இவருக்குச் சாயா குடிக்கக் கண்ட நேரம்!" என்றேன். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. "மில்லுல ஆளு காத்து நிக்கும் மக்கா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். மில்லில் யாருமில்லை. மெஷினைச் சும்மா ஓடவிட்டேன்.

அடுத்த வாரம் சஜின் குவைத்துக்குப் போய்விட்டான். விசா எடுத்து வைத்திருந்ததே எனக்குத் தெரியாது. அதற்கடுத்த முறை நான் போனபோது மணியண்ணன் சொன்னது இதுதான்: "இத்தனை வருசத்துல பாதி ஷேவுல எழும்பிப் போனவன் நீ ஒருத்தனாக்கும்." அதையும் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னேன். உங்களில் பலர் என்னிடமிருந்தே அதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

மணியண்ணனை எரியூட்டிவிட்டு வந்த சாயந்திரம் சஜினைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதான். அவன் அழுது நான் கேட்டு வருடங்கள் ஆகின்றன.

"மணி மாமா ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லல்லியாப்பா?"

"இல்ல மக்கா. கேட்டேன், சொல்லல்ல."

"நான் சொல்லச் சொன்னேன். அப்பாட்ட நீங்களே சொல்லிருங்கன்னு கெஞ்சினேன். 'அது நான் சொல்ல வேண்டியதில்ல, ரெண்டுபேரையும் ஒரே இடத்துல இரித்தித் தாறேன், நீயே சொல்லு'ன்னாரு. அந்த ஞாயித்துக்கிழமை அதுக்காக்கும் வரச்சொன்னாரு."

"இப்பச் சொல்லு" என்றேன்.

"போன்லயா?"

"போன்ல சொன்னா என்னா?"

"வேண்டாம்பா. முடியாது." பிறகு, "மாமா இருந்தாருன்னா..." என்று நிறுத்திவிட்டான். நான் வேறு ஒன்றும் தோன்றாமல், "சாப்பிட்டியா?" என்றேன். "சாப்பிட்டேன்" என்றான்.

மணியண்ணனிடம் போய்க் கேட்கலாம் என்று இனி எனக்கு ஒரு இடமில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது அவரோடு போயிருக்கும். அதைச் சொல்லி ஆற்ற எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்குக் கூப்பிடுகிறான். மழை உண்டா, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி என்று கேட்பான். பிறகு பேச்சு நின்றுவிடும். மூச்சு மட்டும் கேட்கும். முன்பென்றால் "சரி மக்கா, வைக்கட்டா" என்றிருப்பேன். இப்போது வைப்பதில்லை. மில்லில் நிஜமாகவே ஆள் நின்று சத்தம் போட்டாலும் எழும்பிப் போவதில்லை. மணியண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இருப்பு ஒன்றுதான். அதையும் அவர் போன பிறகே கற்றேன். போன வெள்ளியன்று இருபது நிமிடம் அப்படி இருந்தோம். அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.