சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில்

அப்பா மலேசியாவில் கிள்ளான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை அவர் மாஜிஸ்திரேட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'அவர் வெட்டினாராம்' என்று சொல்லக் கூடாது. 'நான்தான் வெட்டினேன்' என்றே சொல்ல வேண்டும். அதுதான் அந்த வேலையின் முறை. கொசுவைக்கூட அடிக்காத மனுஷர், காலமெல்லாம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்ததுதான் வினை. சுங்கை வே தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவர் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை, நாங்கள் உத்தியோகம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்தார். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரே மேசையில் சாப்பிட்டபடி, எனக்குச் சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்வார். அப்பா யாழ்ப்பாணத்துத் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நான் கிணத்துக்குள்ள குதிப்பன்" என்பார். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது. நான் பதில் சொன்னால் அம்மா பக்கம் திரும்பி, "நான் அவரைத்தான் கட்டுவன்" என்பார், அதே குரலில்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள், அப்பா?" என்று கேட்டால் கை கழுவ எழுந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா இறங்கி வருவார் என்று எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவர், பெற்ற மகளுக்காக வாய் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய கோர்ட் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கித் திறந்தார்கள். மூவரும் பார்க்கப் போனோம். விசாரணை அறையில் மாஜிஸ்திரேட், போலீஸ்காரர், கூண்டில் ஒரு சாட்சி என்று பொம்மைகள் வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பொம்மை இல்லை.

"இஞ்சாருங்கோ, உங்களைக் காணேல்லையே," என்றார் அம்மா. அம்மாவின் முகம் வாடிவிட்டது.

அப்பா தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், கூண்டுக்குப் பக்கத்தில் தம் பழைய இடத்தில் நின்றார்.

"அங்கிள், அங்க நிக்கக் கூடாது லா!" என்று காவலாளி ஓடி வந்தார். அப்பா கை காட்டி அவரை நிறுத்தினார்.

"இதில நிண்டு எல்லாருக்காகவும் கதைச்சனான்," என்றார் அம்மாவைப் பார்த்து. "இப்ப எனக்காகச் சொல்லுறன். பிள்ளை விரும்பினவரையே கட்டட்டும்."

அம்மா மாஜிஸ்திரேட் பொம்மையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு, மாதக்கணக்கில் பேசாதிருந்தவர், நேராக என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அந்தப் பெடியன் சொதி சாப்பிடுவானோ?"