பங்கிராஸ் வண்டியில் ஏற மறுத்தவள்

உத்தமபாளையம் கார் ஸ்டாண்டில் அந்தக் காலத்தில் நாலு பிளசர் கார் நின்றது. மூன்று வண்டி கல்யாணத்துக்குப் போகும், பழனிக்குப் போகும். நாலாவது, பங்கிராஸின் கறுப்பு அம்பாசிடர். "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவது அந்த வண்டிதான். மற்ற டிரைவர்களைக் கேட்டால் டயர் பஞ்சர் என்பார்கள். வழியில் உயிர் போய்விட்டால் அப்புறம் எவன் ஏறுவான் என்ற பயம். அனுமந்தன்பட்டிக்காரர் பங்கிராஸுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை விரிப்பார். பள்ளம் மேடு பார்த்து உருட்டுவார். ஆண்டிபட்டி கணவாய் தாண்டி, நம் பக்கத்து மலை தெரிகிற இடத்தில் கேட்காமலே நிறுத்துவார். அதுவரை கண் மூடிக் கிடந்தவர்கள்கூட அங்கே தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். எத்தனை பேரை அப்படி வீடு சேர்த்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. வாசலில் இறக்கிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடுவார். அதற்கப்புறம் உள்ளே நடப்பதெல்லாம் அவர் பார்க்காத சங்கதி.

ஊர்க்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அந்த வண்டி தெருவுக்குள் திரும்பினாலே போதும், கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். வண்டியில் வந்தவன் ஒரு வாய் தண்ணீர் கேட்டால், தண்ணீருக்கு முன்னால் ஒப்பாரி வந்து சேரும்.

எழுபத்து நாலில், ஆடிக்காற்று ஆரம்பித்த சமயம், டாக்டர் அந்த "வீட்ல வச்சுப் பாத்துக்கங்க"வைப் பங்கிராஸிடமே சொன்னார். அவர் மனைவி ரோசம்மாளுக்கு வயிற்றில் கட்டி. அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். பங்கிராஸ் ஊருக்குப் போய் வண்டியை எடுத்து வந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நிறுத்தி, மெத்தையைத் தட்டி விரித்தார். ரோசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நான் இதுல ஏறமாட்டேன்."

"என்ன ரோசு பேசுற? படுத்துக்கிட்டே வந்துரலாம்."

"அதுக்குத்தான் வேண்டாங்குறேன். நம்ம தவசி அண்ணனை இதுலதான கொண்டாந்து எறக்குனீக? பதினோரு நாளு கெடந்தாரு. உசுரோட இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து 'நல்ல மனுசனா இருந்தாரு'ன்னு பேசுனாக. அவரு கேட்டுக்கிட்டேதான் கெடந்தாரு."

"சரி, வேற வண்டி பேசுறேன்."

"எந்தப் பிளசர்ல போனாலும் ஊரு கூடிரும். பஸ்ல போவம்."

பங்கிராஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் யாரையோ அலுங்காமல் குலுங்காமல் கொண்டு சேர்த்தவர், கட்டியவளைப் போய் பஸ்ஸில் அடைத்து ஏற்றவா? "தையல் தாங்காதுடி" என்றார்.

"வலி எனக்குத்தான. நான் பாத்துக்கிறேன்."

அதற்குமேல் அவர் என்ன செய்வார்? வண்டியைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் ரோசம்மாளின் நகம் அவர் முழங்கையில் பதிந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர். "என்னண்ணே, வண்டி என்னாச்சு?" என்றார். "ஒர்க்‌ஷாப்புல கெடக்கு" என்றார் பங்கிராஸ். ரோசம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கணவாயில் பஸ் நிற்கவில்லை. ஆனால் மலை தெரிந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை இதே ரோட்டில் இருவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வந்ததை ரோசம்மாள்தான் எடுத்துச் சொன்னாள். அன்றைக்கு அவர் தோளில் தூங்கி, சட்டையெல்லாம் எச்சில் ஒழுகவிட்டாளாம். அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங் பிடித்தார், அவள் பின்சீட்டுக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க இருவருக்கும் வாய்க்கவே இல்லை.

அனுமந்தன்பட்டியில் இறங்கியதும் பக்கத்து வீட்டு ஞானசெல்விதான் எதிரே வந்தாள். "என்னக்கா, சொகமாயிருச்சா?"

"பஸ்ல வந்து எறங்குறேன்ல? பாத்தா தெரியலயா?"

ஞானசெல்வி வாய் ஒன்று போதாதா? பொழுது சாய்வதற்குள் ரோசம்மாளுக்குச் சுகமாகிவிட்டது என்று ஊரே பேசியது.

இருபத்தாறு நாள். வாசலுக்கு உள்ளே நடக்கிற வேலையெல்லாம் பங்கிராஸ் அப்போதுதான் கற்றுக்கொண்டார். முதுகு புண்ணாகாமல் புரட்டிப்போட்டு பவுடர் தட்டுவது, கஞ்சியை வடித்துக் கரண்டி கரண்டியாக ஊட்டுவது, வலி ஏறுவதற்கு முன்னாலேயே மாத்திரையைக் கொடுத்துவிடுவது. விஷயம் தெரிந்த பங்குச் சாமியார்கூட, சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெயைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு, சும்மா பார்க்க வந்தவர் போலத்தான் வந்தார். மற்றவர்கள் வழக்கம்போல வந்தார்கள். கருவேப்பிலை கேட்டார்கள், தங்கள் மருமகளைக் குறை சொன்னார்கள். "ஆப்பரேசன் ஒடம்பு, தேற நாளாகும்" என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் ஞானசெல்வியின் கோழி கீரைப்பாத்தியைக் கிளறிவிட்டது. ரோசம்மாள் கட்டிலில் கிடந்தபடியே ஏச ஆரம்பித்தாள். ஞானசெல்வி விடுவாளா? "படுத்துக் கெடந்தும் இந்தப் பொம்பளைக்கு வாய் கொறையுதா பாரு" என்று கையை நீட்டி நீட்டிப் பேசிவிட்டுப் போனாள். பங்கிராஸ் பதறிப்போய் உள்ளே ஓடினார். ரோசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டு நாளாச்சு இப்படி ஒரு சண்டை போட்டு" என்றாள். அன்றைக்கு அரைக் கிண்ணம் கஞ்சி கூடுதலாகக் குடித்தாள்.

அதற்கு அஞ்சாம் நாள் காலையில் போய்விட்டாள். ஊர் திகைத்துப்போயிற்று. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஞானசெல்வி பங்கிராஸ் முன்னால் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? தெரிஞ்சிருந்தா அக்காவை அப்படிப் பேசியிருப்பேனா?"

"பேசியிருக்கமாட்ட ஆத்தா," என்றார் பங்கிராஸ். "அதுக்குத்தான் அவ பஸ்ல வந்தா."