தெர்மோஸ்டாட்டுக்குக் காய்ச்சல்

மாட்டிய நாளிலிருந்து ஒரு வாரமாக எங்கள் வீட்டு ஏசி ஓயவே இல்லை. வெளியே தூத்துக்குடி வெயில். உள்ளே என் கணவர் கம்பளிப் போர்வையில்.

"ஏளா, என்னைய என்ன சீலா மீனுன்னா நெனச்ச? இப்பிடி ஐஸ்ல போட்டு வச்சிருக்க!"

நான் தொடவே இல்லை என்றால் நம்பவில்லை. நாற்பத்தாறு வயதில் திடீர் திடீரென்று உடம்பு அனலாகிறதே, அதற்காக நான்தான் ரகசியமாகக் குளிரைக் கூட்டுகிறேனாம்.

வீட்டுச் சூட்டை அளந்து ஏசியை ஓட்டும், சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் டப்பாவைக் காட்டினேன். முப்பத்தெட்டு டிகிரி என்றது.

"பாருங்க, அதுக்கும் வேர்க்குது!" வீட்டில் எனக்கென்று ஒரு துணை.

இன்று காலை ஏசி மாட்டிய அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அந்த டப்பாவத் தொட்டுப் பாருங்கம்மா. சுடுதா?"

தொட்டேன். தோசைக்கல்!

அப்போதுதான் உறைத்தது. மாட்டிய அன்றே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நேர் கீழே பலகை அடித்து, இரவு பகலாக விளக்கு எரிய விட்டவர் யார்? அந்தச் சூட்டை வீட்டுச் சூடு என்று நம்பி, டப்பா ஏசியை விரட்டியிருக்கிறது.

"ஏங்க, ஒங்க பக்தியிலதான் நீங்க நடுங்கிட்டு இருக்கிய!"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "சாமி வெளக்கு சுடாதுளா."

விளக்கைப் பூஜை அலமாரிக்கு மாற்றினேன். டப்பா மெல்ல இருபத்தாறுக்கு இறங்கியது. ஏசி அடங்கியது. அவர் போர்வையை மடித்தார். நான் ஆடாத குறை.

ஆனால் எனக்கு மட்டும் இன்னும் வேர்க்கிறது. எனக்கு எந்தப் பக்தர் எங்கே விளக்கேற்றி வைத்திருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.