சமரசத்துக்கு எடுத்துப்போன பிரஷ்ஷும் பனியனும்

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரால் என்னைச் சிறைக்கு அனுப்ப முடியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! ஐம்பத்திரண்டு வயது, கட்டிங் மாஸ்டர், நையாண்டிக்குப் பேர்போனவன். ஓய்வு பெற்றபின் நீதிபதியிடம் இருப்பது மூக்குக்கண்ணாடி மட்டுமே என்பது இந்த மேதாவிக்குத் தெரியாமல் போயிற்று.

இத்தனை நாள் மூடிய வாயை இப்போது ஏன் திறக்கிறேன்? அந்த நீதிபதி ஐயாவின் பொதுச்சேவைக்குப் பாராட்டு விழாவாம். விழா மலருக்கு நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "அந்தோணி கேஸை அய்யா ஒரே நாள்ல முடிச்சு வெச்சாரே, அதைச் சிரிக்கச் சிரிக்க எழுதிக் குடு மாஸ்டர்" என்றார் என் முதலாளி.

முடித்து வைத்தாராம்! எழுதுகிறேன். மலரில் வராது. நீங்களாவது படியுங்கள்.

அந்தோணி பல்லடத்துக்காரன். என் பிரிவில் துணி வெட்டுபவன். அடுக்கி விரித்த பனியன் துணிமேல் வலக்கை மின்கத்தியை நகர்த்தும். இடக்கை துணியை அமுக்கிப் பிடிக்கும். அந்த இடக்கைக்குத்தான் இரும்பு வலைக் கையுறை.

எங்கள் கம்பெனியில் அதற்கொரு வழக்கம் உண்டு. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் எங்களைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் அலமாரியைத் திறந்து எல்லாருக்கும் மாட்டிவிடுவோம். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி வாங்கிப் பூட்டிவிடுவோம். போட்டால் வேலை மெதுவாகும். அழுக்கானால் அடுத்த ஆடிட்டில் பளபளக்காது! அலமாரிச் சாவி என்னிடம்.

அன்று காலை அந்தோணி வந்து நின்றான்.

"ஏனுங்க மாஸ்டர், பிளேடு புதுசுங்க, துணியும் வழுக்குது. அந்தக் கிளவுஸைக் குடுங்களேன்."

"ஏன்டா, சண்டைக்கா போற, கவசம் கேக்கற?" என்றேன்.

மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான். பதினொரு மணி டீ வருவதற்குள் அவன் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

'கையுறை அணிய மறுத்தார்' என்று விபத்து அறிக்கையில் எழுதினார் முதலாளி. அந்த ஒரு வரி போதும். ஊரில் எந்தக் கட்டிங் மேசையும் அவனைச் சேர்க்காது. அந்தோணி கேட்டது அந்த வரியை அடிக்க வேண்டும் என்பது மட்டும். அதற்காகத்தான் எங்கள் ஊர் ராயபுரத்தில் அந்த நீதிபதி ஐயா முன்னிலையில் சமரசப் பேச்சு. சாட்சி நான்.

நீதிபதி ஐயா முன்சீப்பாகத் தொடங்கி மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவர். வீட்டில் சாய்ந்து கிடக்காமல், வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை, கம்பெனி வழக்கு என்று இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பவர். தீர்ப்புச் சொல்ல மாட்டார். எனக்கோ 'நீதிபதி' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது... கையுறையைப் பூட்டி வைத்தது தெரிந்தால் ஜெயிலில் தள்ளிவிடுவார் என்று முடிவு கட்டினேன்!

பையில் பிரஷ், பேஸ்ட், ஏற்றுமதியில் கழித்த இரண்டு பனியன் எல்லாம் எடுத்து வைத்தேன்.

"ஏனுங்க, பேஸ்டு அங்கயே குடுக்க மாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா, உங்கொம்மா ஊடு பாரு, எல்லாம் எடுத்து வெச்சிருப்பாங்க!"

போனதும் ஐயா எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ஏதோ விளக்கினார். நான் கேட்கவில்லை, விலங்கை எந்தக் கையில் முதலில் மாட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னை மட்டும் தனியறைக்கு அழைத்தார். மோரைக் குடித்துக்கொண்டே பையைப் பார்த்தார்.

"ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?"

"ஆமாங்க சாமி... மடத்துக்குளம்... பொண்ணு ஊட்டுக்குங்க."

"கையுறை எங்க இருந்தது?"

"மேசை மேலதானுங்க இருந்துச்சு. அவன்தான் போட்டுக்கலீங்க."

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

பேன்ட் பைக்குள் சாவி தொடையைக் குத்தியது. "இல்லீங்க."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்.

"நீங்க சொன்னதை அந்தோணிகிட்டச் சொல்லலாமா?"

நீதிபதி என்னிடம் அனுமதி கேட்கிறார்! அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? "சொல்லுங்க சாமி" என்றேன்... தாராளமாக!

எனக்கு அவர்மேலும் கோபம். எத்தனை சாட்சிகளைக் கூண்டில் பார்த்த கண்கள்! வியர்த்து வழிந்த இந்த மூஞ்சியைப் படிக்க முடியவில்லையா? ஓர் அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? பார்த்தீர்களா... பழியைத் தள்ள இன்னும் ஆள் தேடுகிறேன். தூ!

எல்லாரும் மறுபடி கூடியபோது ஐயா சொன்னதை அந்தோணி கேட்டுக்கொண்டான். என்னைப் பார்த்தான்.

"மாஸ்டரே அப்படிச் சொன்னாருங்களா?"

ஐயா தலையசைத்தார்.

"அப்ப எனக்கு வேற சாட்சி இல்லீங்க. எங்க கையெழுத்துப் போடோணும்?"

அந்த வரி அப்படியே நின்றது. அவனுக்குக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. அவன் கையெழுத்துப் போடும்போது, அமுக்கிப் பிடிக்க விரல் போதாமல் தாள் நகர்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். பிரஷ்ஷோடு நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலும் விழுந்தது. முதல்முறையாகப் படித்தேன். இங்கே பேசுவது எதுவும் எந்த நீதிமன்றத்துக்கும் போகாது. நடுவருக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. இதைத்தான் ஐயா விளக்கியிருக்கிறார்... நான் விலங்கை நினைத்துக்கொண்டிருந்தபோது!

முன்பே படித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? கதவுக்கு வெளியே முதலாளி உட்கார்ந்திருந்தார். சொல்லியிருக்க மாட்டேனோ? இந்தக் கேள்வியை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்றும் ஆடிட் கார் வரும்போது கேட்டைத் திறந்துவிடுபவன் அந்தோணிதான். "வணக்கமுங்க மாஸ்டர்" என்பான். 

மலரில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். நடந்தது இதுதான். அந்தோணி கையுறை கேட்டான். அது அலமாரிக்குள் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. நான் திறக்கவில்லை.