இரண்டு விளக்கு எரிந்தால் சரி

கொல்கத்தா பெஹாலாவில் அப்பா வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட, தனி மின் மீட்டர் தேவைப்பட்டது. தனி மீட்டருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். அதில் உரிமம் உள்ள மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். சால்ட் லேக்கில் ஒரு மின் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்யும் எனக்கு அந்த உரிமம் உண்டு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் ஒரு டிரில் மெஷின் உண்டு.

"ஒயரிங் நானே பண்ணிடறேன். நீ வந்து பாத்துட்டு கையெழுத்துப் போடு" என்றார்.

வேலை என் மேற்பார்வையில் நடந்தது என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கும். அப்படி நடக்கவில்லை. முதல் தவறு என்னுடையது. அதைச் சரிக்கட்ட, நான் எவற்றையெல்லாம் சோதிப்பேன் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒயரின் தடிமன், ஸ்விட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் இருக்கிறதா, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஆர்த் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் வருகிறதா என்று டெஸ்டரில். அப்பா பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வேலை செய்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பிளக் பாயிண்டில் செருகிப் பார்க்கும் டெஸ்டரில் மூன்று சிறு விளக்குகள். இரண்டு எரிந்து மூன்றாவது எரியாவிட்டால் இணைப்பு சரி. ஆறு பாயிண்டிலும் அப்படியே எரிந்தன. மற்ற வீடுகளில் அதன்பின் சிலவற்றையாவது கழற்றி உள்ளே பார்ப்பேன். ஸ்க்ரூடிரைவர் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, பாஸா ஃபெயிலா? காபி ஆறிப் போறது!"

கழற்றவில்லை. கையெழுத்திட்டேன்.

மழைக்காலத்தில் கீழே வாடகைக்கு வந்திருந்த பௌதி போன் செய்தார். பௌதி என்றால் வங்க மொழியில் அண்ணி; அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வாஷிங் மெஷின் ஓடவில்லை, தொட்டால் மட்டும் ஆளைத் தூக்கி எறிகிறது. ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், பிழைத்தேன்" என்றார் வங்க மொழியில். "காகுவிடம் சொன்னால், ஈரக்கையோடு தொடாதே என்கிறார்." காகு, அதாவது சித்தப்பா, என்றது என் அப்பாவை.

மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். பாயிண்டைக் கழற்றினேன். ஆர்த் ஒயர் எங்கிருந்தும் வரவில்லை. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையையும் ஆர்த் முனையையும் விரல் நீளப் பச்சை ஒயர்த் துண்டு ஒன்று இணைத்திருந்தது. இப்படிச் செய்தால் டெஸ்டர் ஏமாந்துவிடும். ஆனால் நியூட்ரல் விட்டுப்போனால் மெஷின் முழுக்கக் கரண்ட் பாயும். விட்டுப்போயிருந்தது. மற்ற ஐந்தையும் கழற்றினேன். ஐந்திலும் அதே துண்டு, அளந்து வெட்டிய அதே நீளம்.

"ஆர்த் இழுக்கணும்னா பின்பக்க டைல்ஸை உடைக்கணும்டி. வீடியோல எல்லாரும் இப்படித்தான் பண்றா" என்றார் மேலிருந்து இறங்கி வந்த அப்பா.

"டெஸ்டர் காட்டாதுன்னு தெரிஞ்சே பண்ணினியாப்பா?"

"நீதானே லிஸ்ட் குடுத்தே."

கோபமில்லாமல் சொன்னார். தெரியாமல் செய்திருந்தால் உட்கார்ந்து விளக்கியிருப்பேன். அவர் தெரிந்துகொண்டது மின்சாரத்தை அல்ல, என்னை.

அந்த ரிப்போர்ட் செல்லாது என்று மின் நிறுவனத்துக்கும் உரிமம் தந்த அலுவலகத்துக்கும் மறுநாளே எழுதிக் கொடுத்தேன். என் உரிமம் என்னவாகும் என்று இன்னும் பதில் வரவில்லை. டைல்ஸை உடைத்து ஒயர்மேன் ஆர்த் இழுத்தார். சோதிக்க வேறொரு மேற்பார்வையாளர் வந்தார்.

"வெளியாள் எதுக்கு? நீ போடமாட்டியா?" என்றார் அப்பா.

"மாட்டேன்ப்பா."

அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வந்தவரிடம் கொடுத்தேன். "ஆறையும் கழற்றிப் பாருங்கள்" என்றேன்.